பொம்மைக் கோச்சியும் பெரிய கோச்சியும்

எங்கள் ஊரில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வோம். புகையிரதம் என்பது நிலையத்துப் பலகையில் எழுதும் சொல். வீட்டில் பேசும் சொல் கோச்சி.

அந்தக் கோச்சி 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் யாழ்ப்பாணம் வராமல் நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. பின்னர் இந்தியாவின் கடனுதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி வந்து சேர்ந்தது. இடையில் 24 வருடங்கள். அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கலியாணமும் முடித்துவிட்டது. அவர்களில் பலருக்குக் கோச்சி என்றால் படத்தில் பார்த்ததும் விளையாட்டுச் சாமானாக உருட்டியதும்தான்.

ஆகவே சகோதரிகளே, பொம்மைக் கோச்சிக்கும் பெரிய கோச்சிக்கும் உள்ள வேறுபாடுகளைக் கொஞ்சம் சிரித்தபடி பார்ப்போம். அந்தச் சிரிப்புக்குள் ஒரு காரியமும் இருக்கிறது.

வீட்டுக்குள் அடங்காத பாதை

என் பேரனிடம் வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரி ரயில் ஒன்று இருக்கிறது. நிஜ ரயிலை 87 மடங்கு சிறிதாக்கிச் செய்தது. உலகில் மாதிரி ரயில் வைத்திருப்பவர்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் அளவு இதுதான். அதன் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் 16.5 மில்லிமீற்றர், நம் சுண்டுவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. இலங்கையின் நிஜப் பாதையில் அந்த இடைவெளி 5 அடி 6 அங்குலம்.

"அம்மம்மா, கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் இதில் பாதை போடுவமா?" என்று கேட்டான். கணக்குப் பார்த்தோம். நிஜத் தூரம் சுமார் 400 கிலோமீற்றர். அதை 87ஆல் பிரித்தாலும் நாலரைக் கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. விறாந்தையில் தொடங்கினால் பக்கத்து ஊர்ச் சந்தை தாண்டித்தான் முடியும். அதனால்தான் பொம்மைக் கோச்சிகள் எல்லாம் வட்டம் சுற்றுகின்றன. எத்தனை மணித்தியாலம் ஓடினாலும் ஏறின இடத்திலேயே இறங்கலாம்.

நிஜப் பாதை அப்படி நினைத்தபடி வளையாது. ஆனாலும் பதுளைப் பக்கத்தில் தெமோதரை என்று ஒரு நிலையம் உண்டு. அங்கே பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. பொம்மைக் கோச்சிக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

பறக்கும் பொம்மை

பேரன் தன் கோச்சியை ஒரு விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓட்டுவான். பார்க்க மெதுவாகத்தான் இருக்கும். அதை 87ஆல் பெருக்கினால் மணிக்கு 313 கிலோமீற்றர்! நம் யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து கனவிலும் காணாத வேகம் அது.

எடையில் இன்னொரு வேடிக்கை. 80 தொன் எஞ்சின் ஒன்றை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 87 மடங்கு சிறிதாக்கினால், எடை ஏறக்குறைய 120 கிராம்தான் வரும். ஒரு சவர்க்காரக் கட்டியின் பாரம். ஆனால் கடையில் விற்கும் மாதிரி எஞ்சின் அதைவிடப் பாரமாகவே இருக்கும். இல்லாவிட்டால் சில்லு சுற்றும், வண்டி நகராது. நிஜ எஞ்சினுக்கும் வழுக்கும் தொல்லை உண்டு. மழை நாளில், ஏற்றத்தில் சில்லு வழுக்கினால் தண்டவாளத்தில் தூவுவதற்கு எஞ்சின் தன்னோடு மணல் காவிக்கொண்டு போகிறது. இத்தனை பெரிய இரும்பு வாகனத்துக்கும் ஒரு கைப்பிடி மணல் தேவைப்படுகிறது பாருங்கள்.

பேசாத பயணிகள்

பொம்மை நிலையத்தில் நிற்கும் பிளாஸ்டிக் மனிதர்கள் மிக நல்லவர்கள். முண்டியடிப்பதில்லை, ரிக்கற் கேட்பதில்லை. யன்னல் இருக்கைக்குக் கைலேஞ்சி போட்டு இடம் பிடிப்பதில்லை. மூன்று பையும் ஒரு பிள்ளையுமாக ஏறும் தாயும் அங்கே இல்லை. வடை விற்பவரும் இல்லை, கழிப்பறைக்கு வரிசையும் இல்லை. ரயில் பிந்தினாலும் முறைப்பாடு செய்ய ஒருவரும் இல்லை.

வண்டி தடம் புரண்டாலும் கவலையில்லை. பேரன் ஒரு கையால் தூக்கி வைத்துவிட்டு, மற்றக் கையால் பிஸ்கற் சாப்பிடுவான். நிஜத்தில் அதற்குப் பாரந்தூக்கி வரவேண்டும், ஆட்கள் வரவேண்டும், அந்தப் பாதையே மணிக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிடாமல் இருக்கவே நிலைய அதிபர்களும் கைகாட்டிகளும் அனுமதி முறைகளும் இரவு பகலாகக் காத்துக்கொண்டிருக்கின்றன.

சிரிக்க முடியாத வேறுபாடு

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமானது. பொம்மைக் கோச்சியின் விசையை மூடினால் அது அந்த இடத்திலேயே நிற்கும். பெரிய கோச்சி நிற்காது.

இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் தொடும் இடம் ஒரு சின்னக் காசுக்குற்றி அளவுதான். உராய்வு குறைவு. அதனால்தான் ஒரே எஞ்சின் இத்தனை பெட்டிகளை இலேசாக இழுக்கிறது. அதே காரணத்தால்தான் அதை நிறுத்துவதும் கடினம். வேகமாக வரும் வண்டியின் சாரதி தடுப்பை முழுதாகப் போட்டாலும், அது பல நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும். ஒதுங்கிப் போகவும் அதனால் முடியாது. சாரதி உங்களைக் கண்டுவிட்டார் என்பதால் நீங்கள் தப்பிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை.

கோச்சி இல்லாத காலத்தில் அந்த வெறும் பாதை எங்களுக்கு நடைபாதையாக இருந்தது. அதில் விறகு சுமந்தோம், மாடு சாய்த்தோம். அந்தக் கால்ப்பழக்கம் சிலரிடம் இன்னும் போகவில்லை. ஊர் ஒழுங்கைகள் பாதையைக் கடக்கும் இடங்களில் படலையும் காவலும் எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே வீட்டிலே பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுங்கள்:

• பெரிய பொருள் தூரத்தில் வரும்போது மெதுவாக வருவதுபோலத் தெரியும். கண்ணை நம்பி ஓடிக் கடக்க வேண்டாம்.

• முன்னால் நிற்பவருக்கு வண்டியின் சத்தம் பிந்தியே கேட்கும். காதில் தொலைபேசியோடு பாதைக்குக் கிட்டப் போகவே கூடாது.

• வண்டியின் உடம்பு தண்டவாளத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் அரை மீற்றருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். தண்டவாளத்துக்குச் சற்று வெளியே நிற்பது பாதுகாப்பல்ல.

• சைக்கிளில் வந்தால் இறங்கி, நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும்.

• ஆட்டையும் மாட்டையும் பாதை ஓரத்தில் கட்ட வேண்டாம். அதை அவிழ்க்க ஓடுபவர் நம் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார்.

நாம் நிறைய இழந்தவர்கள். ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி வந்த ஒரு வீட்டில், இரண்டு நிமிட அவசரத்தால் இன்னோர் இழப்பு வரக்கூடாது. இருபத்துநான்கு வருடம் கோச்சிக்குக் காத்திருந்தோம். அது கடந்து போகும்வரை இரண்டு நிமிடம் காத்து நிற்பது நமக்குப் பெரிய காரியமா?