இடைத்தங்கல் வீடு



திருநெல்வேலிச் சந்தைக்கு அதிகாலையில் மரக்கறி வாங்கச் செல்வோர் இக்காட்சியை எப்போதாவது கண்டிருப்பர். மதிலோரத்தில் ஓர் உரப்பை. அதனுள்ளே கண் திறந்து சில நாட்களேயான நாய்க்குட்டிகள். அவற்றுட் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகளாகவே இருக்கும். கடுவன் குட்டியைக் கேட்டு வாங்கிச் செல்வோர் உண்டு. பெட்டையோ நாளை பல குட்டிகளை ஈனும் என்ற அச்சத்தால், இருளோடு இருளாகக் கொண்டுவந்து விடப்படுகின்றது. அவ்வழியே பாடசாலை செல்லும் உங்கள் பிள்ளை அதைக் கண்டு, “அம்மா, இதை வீட்டுக்குக் கொண்டுபோவோமா?” என்று கேட்கும்போது நீங்கள் என்ன மறுமொழி கூறுவீர்கள்?

“கடைசிவரை வளர்க்க முடியாததை ஏன் தொடவேண்டும்?” என்பதே நம்மிற் பலருடைய விடை. வாடகை வீடு, வேலைக்குச் செல்லும் பெற்றோர், ஏற்கெனவே ஒரு நாய் எனக் காரணங்கள் பல. அவை பொய்யான காரணங்களும் அல்ல. ஆயினும், முழுமையாக ஏற்றுக்கொள்வதற்கும் முற்றாகக் கைவிடுவதற்கும் இடையே மற்றொரு வழியுண்டு. நிலையான ஓர் இல்லம் கிடைக்கும்வரை சில வாரங்களுக்கு அடைக்கலம் கொடுத்து, பேணி வளர்த்து, பின்னர் நல்லவர் கையில் ஒப்படைப்பதே அவ்வழி.

இது நாகரிக உலகம் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கமன்று. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வழிதவறிய ஆட்டையோ மாட்டையோ கண்டவர் காணாதவர்போல் கடந்து செல்லலாகாது. அதற்குரியவர் தொலைவில் இருந்தாலும், யாரென்றே தெரியாதிருந்தாலும், அதைத் தம் வீட்டிற்குக் கொண்டுசென்று, அவர் தேடிவரும்வரை வைத்திருந்து, பின்னர் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். காணுதல், காத்தல், கையளித்தல் என்னும் மூன்று கடமைகளை இறைவன் அங்கே கற்பிக்கின்றார். சந்தை மதிலோரக் குட்டிக்கு உரியவர் இனிமேல்தான் வரவிருக்கின்றார். அவர் வரும்வரை காப்பது நம் கடமையாகின்றது.

திருச்சபையின் புனிதர்களுள் இப்பணியைச் செய்தவர் பேரு நாட்டின் லீமா நகரைச் சேர்ந்த புனித மார்ட்டின் தெ போரஸ். 1579ஆம் ஆண்டு, ஸ்பானியப் பிரபு ஒருவருக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணொருவருக்கும் மகனாகப் பிறந்தவர். நிறத்தின் காரணமாக ஒதுக்கப்படுவதன் வேதனையை இளமையிலேயே அறிந்தவர். தொமினிக்கன் துறவற மடத்திலே நோயாளரைப் பேணிய அவர், காயமுற்ற நாய்களையும் பூனைகளையும் கூடத் தேடிப் பராமரித்தார். எல்லாவற்றையும் மடத்தில் வைத்திருக்க இயலாத நிலையில், தம் சகோதரியின் வீட்டில் அவற்றிற்கு இடம் தேடிக்கொடுத்தார். 1639இல் இறந்த இவரை, 1962ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் புனிதராக உயர்த்தினார். நோயுற்ற ஏழையருக்குப் பணிபுரிந்த அதே கரங்கள்தாம் அந்த விலங்குகளின் புண்களையும் கட்டின என்பதை நாம் மறத்தலாகாது.

“பசித்த மனிதர் இருக்க நாய்க்கு இரக்கமா?” எனக் கேட்போருக்கும் திருச்சபை தெளிவான விடை வைத்திருக்கின்றது. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றிற்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். காரணமின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கின்றது. அதே பகுதி, மனிதரின் துயர் துடைக்க முதன்மையாகச் செலவிடவேண்டிய பணத்தை விலங்குகளுக்காக இறைப்பதையும் தகாதெனக் கண்டிக்கின்றது. அடைக்கலம் கொடுக்கும் வீடு இவ்விரண்டு கட்டளைகளையும் ஒருங்கே நிறைவேற்றுகின்றது. அதற்குத் தேவைப்படுவன ஒரு பெட்டி, ஒரு பழந்துணி, சிறிது உணவு, மருத்துவச் செலவு, அன்றாடம் கொஞ்ச நேரம். இவற்றைக் கொடுத்தபின்னரும் ஏழைக்கு நீட்ட நம் கை வெறுமையாகிவிடாது.

ஆனால் இரக்கம் அறிவோடு கூடியதாக இருக்கவேண்டும். தாயைப் பிரிந்த சிறு குட்டி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது; ஆதலால் முதலிற் கொடுக்கவேண்டியது கதகதப்பு. பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். எதைக் கொடுப்பதென்று கால்நடை வைத்தியரைக் கேட்டறிவது நலம். ஏறத்தாழ நான்கு வாரமானதும் மென்மையான உணவை உண்ணப் பழகும். வீட்டில் வேறு நாய் இருப்பின், வைத்தியர் பார்க்கும்வரை குட்டியைத் தனியே வைத்திருங்கள். பார்வோ வைரஸ் போன்ற நோய்கள் எளிதில் தொற்றுவன. பூச்சி மருந்தும் தடுப்பூசிகளும் உரிய காலத்தில் இடப்படல் வேண்டும். பிள்ளைகளை நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் தப்புவது மிக அரிது. உரிய வேளையில் இடப்படும் ஊசியோ உயிரைக் காக்கும்.

எட்டு வாரமேனும் ஆனபின்னரே குட்டியைக் கையளியுங்கள். கேட்டுவந்த முதல் ஆளுக்கே கொடுத்துவிடாமல், சிலவற்றை வினவுங்கள். மழைக்கு ஒதுங்க இடமுண்டா? நாள் முழுதும் சங்கிலியில் கட்டி வைப்பார்களா? தடுப்பூசி போடுவார்களா? பெட்டைக் குட்டியாயின் உரிய வயதில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பார்களா? இந்த இறுதிக் கேள்விதான் சந்தை மதிலோர உரப்பைகளுக்கு முடிவுகட்டக் கூடியது. நம் நாட்டில் தெருநாய்களைக் கொன்று விசர்நோயைத் தடுக்கும் முறை 2006ஆம் ஆண்டிலே கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் வழியாகக் கொள்ளப்பட்டன. நம் இந்துச் சகோதரர்களின் சிவபூமி அறக்கட்டளை, கைவிடப்பட்ட நாய்களுக்கென்றே இயக்கச்சியில் ஒரு சரணாலயம் அமைத்தது. ஆயினும் ஒரு சரணாலயம் எத்தனை உயிர்களைத்தான் தாங்கும்? ஒவ்வொரு வீடும் ஒரு குட்டிக்குச் சில வாரங்கள் கதவைத் திறந்தால், அந்தச் சுமை எவ்வளவோ குறையும்.

கையளிக்கும் நாள் வரும். பிள்ளைகள் அழுவார்கள். “இவ்வளவு அன்பு வைத்தபின் ஏன் கொடுக்கவேண்டும்?” என்று கேட்பார்கள். அவ்வேளையில் அவர்களுக்குப் புனித சூசையப்பரைப் பற்றிச் சொல்லுங்கள். தம்முடையவர் அல்லாத திருமகனைத் தம் மகனாகவே காத்து, தொழில் பழக்கி, இறைவனின் திட்டத்திற்குக் கையளித்தவர் அந்த வளர்ப்புத் தந்தை. 2020ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் குறித்து எழுதிய திருமடலிலே, உடைமையாக்கிக்கொள்ள முனையாத அன்பே உண்மையான தந்தையன்பு எனக் கற்பித்தார். அயல்நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் நம் பெற்றோர்க்கு இது புரியாததன்று. வளர்த்து அனுப்புவதும் அன்பின் நிறைவே. ஒரு நாய்க்குட்டியின் பிரிவிலே இதைச் சிறிதளவு கற்றுக்கொள்ளும் பிள்ளை, நாளை மனிதரையும் கட்டிவைக்காமல் நேசிக்கும்.

இன்னுமொன்று. இந்தக் குடாநாட்டில் வாழும் நமக்கு அடைக்கலத்தின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளிரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழையிலும் இருளிலும் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றார்கள். கழுத்துச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, வாசலில் நின்ற நாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி புறப்பட்டவர்கள் அவர்களுள் எத்தனையோ பேர். அறியாத ஊரில், அறியாத ஒருவர் தம் விறாந்தையில் பாய் விரித்து இடம் கொடுத்தார். “எத்தனை நாள்?” என்று அவர் கேட்கவில்லை. பல மாதங்களின் பின் நாம் வீடு திரும்பினோம்; அவர் வழியனுப்பி வைத்தார். ‘இடைத்தங்கல்’ என்ற சொல் நமக்கு முகாமை நினைவூட்டும். அந்த நல்ல மனிதரோ அச்சொல்லை ஒரு வீடாக்கிக் காட்டினார்.

நிலையான நகர் நமக்கு இங்கில்லை என எபிரேயர் திருமடல் நினைவூட்டுகின்றது. நாம் யாவரும் வழியில் தங்கிச் செல்வோரே. ஆகவே அடுத்தமுறை உங்கள் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, “கடைசிவரை வளர்க்க இயலாது” என்று மட்டும் கூறி நடந்துவிடாதீர்கள். “நல்ல வீடு கிடைக்கும்வரை நம்மோடு இருக்கட்டும்” என்று சொல்லிப் பாருங்கள்.

எல்லா உயிர்களையும் படைத்துக் காக்கும் இறைவா, எமக்குக் கிடைத்த அடைக்கலத்தை நாம் மறவாதிருக்கவும், எம் வாசலுக்கு வரும் எளிய உயிர்களைப் பேணி, காலம் வரும்போது மகிழ்வோடு கையளிக்கவும் வரமருளும். ஆமென்.