வளையில் உறங்கிய வியாதி
(காட்டுக் கொறிப்பிராணிகளும் மனிதனும் – 6)

பம்பாய் நகரை 1896-ஆம் ஆண்டில் பீடித்த பிளேக்கைச் சுமந்து திரிந்தது, கூரையிலும் தானியக் குதிரிலும் நம்மோடு குடித்தனம் செய்யும் வீட்டெலியே என்பதைச் சென்ற இதழில் பார்த்தோம். ஆனால் அந்த எலியும் நம்மைப்போல் அந்நோய்க்குப் பலியாகும் பிராணிதான். வியாதியின் பூர்வீக வாசஸ்தலத்தைத் தேடிச் செல்வோமானால், மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் மனித சஞ்சாரம் அதிகமில்லாத பிரதேசங்களில் வளை தோண்டி வாழும் காட்டுப் பிராணிகளிடம் போய்ச் சேருவோம். அவற்றுள் முக்கியமானது தர்பகான் என்னும் மார்மட்.

அணில் வம்சத்தைச் சேர்ந்த இது, பூனையளவு பருமனும் அடர்ந்த மென்மயிரும் உடையது. கோடையெல்லாம் புல்லைத் தின்று கொழுத்து, குளிர்காலம் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக வளைக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஆறு மாதம் நித்திரை செய்வது. பிளேக் கிருமியும், அதைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியும் அந்த வளைகளிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கின்றன.

அந்தப் புல்வெளியின் மைந்தர்களான மங்கோலியரும் புரியாத்தியரும் தர்பகானின் மாமிசத்தை விரும்பி உண்பவர்களாயினும், அதை வேட்டையாடுவதில் ஒரு கட்டுப்பாட்டை அனுசரித்தார்கள். வெண்ணிற உடை தரித்து, கவரிமாவின் வாலைக் கையில் ஆட்டிக்கொண்டு வேடன் நெருங்குவான். அந்த விசித்திரக் காட்சியைக் காணும் ஆவலில் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று சீழ்க்கையடிக்கும் பிராணியைத்தான் சுடுவான். சீழ்க்கையடிக்காமல் தள்ளாடி நடப்பதைத் தொடமாட்டான். ஒரு கூட்டத்தில் நோய் கண்டதென்று தெரிந்தால் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் போய்விடுவதும் உண்டு. தர்பகான் ஆதியில் மனிதனாயிருந்தது என்பது அவர்கள் ஐதிகம். ஆகையால் அதன் அக்குளருகே உள்ள ஒரு சதைத்துண்டை மனித மாமிசம் என்று சொல்லி உண்ணாமல் விலக்கிவிடுவார்கள். அக்குளிலேதான் நெறி கட்டும் சுரப்பிகள் இருக்கின்றன என்பதை யோசிக்கும்போது, இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனை மரணங்களைக் கண்ட அனுபவம் அந்தக் கதைக்குள் அடங்கியிருக்கிறதோ!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சந்தை அந்த வளைவாயிலுக்கே வந்து நின்றது. புதிய சாயங்களை ஏற்றினால் தர்பகானின் மயிர் விலையுயர்ந்த சேபிள் மயிரைப்போல் தோற்றமளிக்கும் என்று கண்டறிந்ததும், தோலின் விலை சில ஆண்டுகளுள் பன்மடங்கு உயர்ந்தது. சீனத்தின் ஷாண்டோங் முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி மஞ்சூரியாவுக்கு வந்த ஏழை ஜனங்கள், அந்தப் பிராணியின் குணமும் வேடர்களின் சம்பிரதாயமும் அறியாதவர்களாய், ஓடமாட்டாமல் கிடந்த நோயுற்ற பிராணியையே எளிதில் அகப்பட்டதென்று மகிழ்ந்து பிடித்து உரித்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு விலையைச் சொன்னவர்கள் அபாயத்தைச் சொல்லவில்லை.

1910 அக்டோபரில், ரஷ்ய எல்லையிலுள்ள மஞ்சூலி நகரத்துச் சத்திரங்களில் அவர்கள் நெருங்கிப் படுத்திருந்த அறைகளில் மரணங்கள் ஆரம்பித்தன. ரயில் பாதை வழியே நோய் ஹார்பினை அடைந்தது. சீன அரசாங்கம் அங்கே அனுப்பிய வைத்தியர், தமிழர்கள் பலருக்கும் பரிச்சயமான பினாங்கிலே பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற வூ லியென்-தே. அப்போது அவருக்கு வயது 31. டிசம்பர் இறுதியில் வந்து சேர்ந்த அவர், இறந்த ஒரு பெண்ணின் சவத்தைப் பரிசோதித்து பிளேக் கிருமியைக் கண்டார். ஆயினும் எலிகளை அறுத்துப் பார்த்தபோது அவற்றில் கிருமி கிட்டவில்லை. நெறி கட்டாமல் நுரையீரலையே தாக்கி, இருமலின் மூலம் மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேரே தாவும் பிளேக் இது என்று அவர் அறிவித்து, பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துத் தைத்த முகமூடியை யாவரும் அணிய வேண்டுமென்று வற்புறுத்தினார். அனுபவம் முதிர்ந்த பிரெஞ்சு வைத்தியரான மெனி அதை ஏற்காமல், முகமூடியின்றி நோயாளிகளைப் பார்க்கச் சென்று, சில நாட்களிலேயே காலமானார்.

மண் உறைந்து பாறையாகிவிட்டதால் புதைக்க வழியின்றி ஊர்ப்புறத்தில் சவங்கள் குவிந்தன. முன்னோரைத் தெய்வமாகப் பூஜிக்கும் ஒரு ஜாதியாரின் பிரேதங்களைத் தீயிலிடுவது எத்தகைய துணிச்சல் என்பதை வூ அறிந்தேயிருந்தார். சக்கரவர்த்தியின் அனுமதியை வேண்டிப் பெற்று, 1911 ஜனவரி 31-ஆம் தேதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவங்களை எரிக்கச் செய்தார். சரக்கு ரயில் பெட்டிகளில் ஜனங்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். மார்ச் மாதத்துக்குள் ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் மஞ்சூரியா முழுவதிலுமாகச் சுமார் 60,000 பேர் மாண்டிருந்தார்கள். ஏப்ரலில் முக்தேன் நகரில் சர்வதேச மகாநாடு கூடியது. அவ்வருஷத்துக் கோடையில் சபலோத்னி என்னும் விஞ்ஞானியின் குழுவினர் நோயுற்ற தர்பகானைப் பிடித்து, அதில் கிருமி இருப்பதைப் பிரத்தியட்சமாக நிரூபித்தார்கள்.

2019-ஆம் ஆண்டில், மேற்கு மங்கோலியாவில் மார்மட்டின் பச்சை மாமிசத்தை உண்ட ஒரு தம்பதி பிளேக்கினால் இறந்தார்கள். பச்சைச் சிறுநீரகம் தேகபலம் தரும் என்பது அங்கே பலருடைய நம்பிக்கை. அந்த ஊருக்கு ஆறு நாள் போக்குவரவு தடுக்கப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் இன்று இந்நோயைத் தீர்க்கும்; ஆனால் அறிகுறி கண்டவுடன் கொடுத்தாக வேண்டும். வைத்தியசாலைக்கு நெடுந்தூரம் போக வேண்டிய அந்தப் புல்வெளியில் அது எளிதன்று.

அடுத்த இதழில், 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் நவஹோ மக்களிடையே மான் சுண்டெலி பரப்பிய ஹன்டா வைரஸைப் பற்றிப் பார்ப்போம்.