ஒரு பியானோ, நாலு கை: ஆர்கெஸ்ட்ரா வராத ஊர்களுக்கு சிம்பொனி போய்ச் சேர்ந்தது எப்படி?

2025 மார்ச் 8. லண்டனின் ஈவென்டிம் அப்போலோ அரங்கம். மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்தவருக்கு அப்போது வயது 81.

சரி, இப்போ ஒரு கேள்வி. கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ இருக்கிற ஒருத்தர் ஒரு முழு சிம்பொனியை நேரில் கேட்க ஆசைப்பட்டால்? அத்தனை வயலின், செல்லோ, டிரம்பெட்டோடு ஓர் ஆர்கெஸ்ட்ரா குமுளி மலையடிவாரம் வரைக்கும் வருவது நடக்கிற காரியமா?

19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சின்ன ஊர்களுக்கும் இதே பிரச்சினைதான். ரேடியோ கிடையாது, ரெக்கார்டு கிடையாது. அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது: ஒரு பியானோ, ஒரு பெஞ்ச், ரெண்டு பேர். அதுதான் ‘ஃபோர் ஹேண்ட்ஸ்’, நம்ம மொழியில் நாலு கை வாசிப்பு.

ரெண்டு பேர் வாசிப்பதில் என்ன புதுசு?

ஜோடியாக வாசிப்பது நமக்குப் பழகினதுதான். கோயில் திருவிழாவில் ரெண்டு நாதஸ்வரம் சேர்ந்து முழங்குவதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஆனால் அங்கே ஆளுக்கொரு வாத்தியம். இங்கே ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாத்தியம்.

ரெண்டு பேர் ரெண்டு பியானோவில் வாசிப்பது வேறு வகை. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 13 வயதில், 2019-ல் அமெரிக்காவின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ நிகழ்ச்சியில் 10 லட்சம் டாலர் பரிசு வென்றது நினைவிருக்கும். ஒரே ஆளாக ரெண்டு பியானோவை ஒரே நேரத்தில் வாசித்து அசத்தியவர் அவர். நாலு கை வாசிப்பு அதற்கு நேர் எதிர்.

யார் எங்கே உட்காருவார்கள்?

பியானோவில் 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. மொத்த அகலம் கிட்டத்தட்ட நாலு அடி. அப்படியென்றால் ஆளுக்கு ரெண்டு அடிதான்.

வலது பக்கம் இருப்பவர் ‘ப்ரிமோ’. மேல் ஸ்தாயி அவர் பொறுப்பு, பெரும்பாலும் மெட்டும் அவரிடம்தான். இடது பக்கம் இருப்பவர் ‘செகண்டோ’. கீழ் ஸ்தாயி, தாள நடை, ஹார்மனி எல்லாம் அவர் கையில். இசைத்தாளும் அப்படியே அச்சாகும்: இடப்பக்கம் செகண்டோவுக்கு, வலப்பக்கம் ப்ரிமோவுக்கு.

சிக்கல் நடுவில்தான். ப்ரிமோவின் இடது கையும் செகண்டோவின் வலது கையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரே கட்டை ரெண்டு பேருக்கும் தேவைப்படும். ஒருவர் அழுத்தியே வைத்திருந்தால் மற்றவரால் அதைத் தட்ட முடியாது. அவர் விரலை எடுத்துக்கொடுக்கணும். தன் ஸ்வரத்தைச் சரியான நேரத்தில் விட்டுக்கொடுப்பதும் இங்கே ஒரு டெக்னிக்.

பெடல் யார் காலில்?

ஒரு செட் பெடல், நாலு கால். வலது பெடலை மிதித்தால் எல்லாத் தந்திகளும் தடையில்லாமல் ஒலிக்கும். அதாவது ரெண்டு பேர் வாசிப்பதும் சேர்ந்தே நீளும். வழக்கமாக அதை மிதிப்பவர் செகண்டோ. தன் கை வாசிப்பதை மட்டும் கேட்டு அவர் பெடல் போட்டால் ப்ரிமோவின் மெட்டு குழம்பிவிடும். அதனால் கை ஒரு பகுதியை வாசிக்க, காது பக்கத்து ஆள் மேல் இருக்கணும். ‘செகண்டோதானே, சும்மா பின்னணி’ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

எப்போது தொடங்கியது?

இதற்கும் ஒரு லண்டன் கதை உண்டு. 1765-ல் 9 வயது மொசார்ட்டும் 13 வயது அக்கா நானெர்லும் அங்கே ஒரே ஹார்ப்சிகார்டில் நாலு கையால் வாசித்தார்கள். கட்டைகள் மேல் கைக்குட்டையைப் போட்டு மறைத்துவிட்டு வாசிப்பார்கள் என்று விளம்பரமே வந்தது.

பின்னால் ஷூபர்ட் இதற்காகவே 30-க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். எஃப் மைனர் ஃபேண்டசியை 1828-ல் எழுதி முடித்தார். அதே ஆண்டு நவம்பரில், 31 வயதில் இறந்துபோனார். நாலு கை இசையின் உச்சம் எது என்று கேட்டால் பலரும் கைகாட்டுவது அந்தப் படைப்பைத்தான்.

பீத்தோவன் சிம்பொனிகள் நாலு கைக்கு மாற்றி அச்சிடப்பட்டு வீடு வீடாகப் போயின. பிராம்ஸ் தன் சிம்பொனிகளைத் தானே அப்படி மாற்றி எழுதினார். அவருடைய ‘ஹங்கேரியன் டான்ஸ்’ முதலில் நாலு கைக்காகவே எழுதப்பட்டது, ஆர்கெஸ்ட்ரா வடிவம் பிறகுதான் வந்தது.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ 1913-ல் பாரிஸ் அரங்கையே ரகளையாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே ஒரு நண்பர் வீட்டில் ஸ்ட்ராவின்ஸ்கியும் டெபுசியும் அதை ஒரே பியானோவில் வாசித்துப் பார்த்துவிட்டார்கள்.

கிராமபோனும் ரேடியோவும் வந்ததும் இந்தப் பழக்கம் வீடுகளிலிருந்து மெல்ல மறைந்தது. மேடையில் மட்டும் தங்கியது. பிரான்ஸின் லபெக் சகோதரிகள், நெதர்லாந்தின் யூசென் சகோதரர்கள் இன்றைக்குப் பிரபலமான ஜோடிகள்.

இதற்கும் தேனிக்கும் என்ன சம்பந்தம்?

பள்ளத்தாக்கின் இசையும் கூட்டாக வளர்ந்ததுதான். இளையராஜாவின் தொடக்கமே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில்தான். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் அண்ணன் தம்பிகள் ஊர் ஊராகப் பாடினார்கள். கையில் ஆர்மோனியம். கையால் காற்றுப் போடும் பெட்டியில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும், கட்டைக்கு மிஞ்சுவது ஒரு கைதான். ரெண்டு கையும் ஸ்வரம் பேசுகிற பியானோவையும், இசையை எழுதி வாசிக்கிற முறையையும் அவர் படித்தது சென்னைக்குப் போன பிறகு, தன்ராஜ் மாஸ்டரிடம்.

இன்றைக்கு நிலைமை வேறு. கீபோர்டு கிளாஸ் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கிரேடு பரீட்சைக்காக வாசிக்கிறார்கள். ஆட்டோ ரிதம் போட்டால் மெஷின் தாளம் தப்பாது. தப்பினாலும் காத்திருக்காது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் மூச்சு விட்டுச் சேர்ந்து தொடங்கணும், தடுமாறினால் ஒருவர் மற்றவரைப் பிடித்துக்கொள்ளணும். ஆர்கெஸ்ட்ராவில் உட்காரப் போகிற பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது இந்தப் பழக்கம்தான்.

தொடங்க என்ன வேண்டும்?

61 கட்டை கீபோர்டில் கட்டைகளின் மொத்த அகலம் மூணு அடிகூட இருக்காது. ரெண்டு பேருக்கு நெருக்கம்தான், ஆனாலும் எளிய பாடங்களுக்குப் போதும். வியன்னாவின் டயபெல்லி எழுதிய ஓபஸ் 149 பயிற்சிகளில் மாணவருக்கு வருவது அஞ்சே ஸ்வரம், கையை நகர்த்தவே வேண்டாம். மீதியை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் தேறியவர்களுக்கு ரவேலின் ‘மதர் கூஸ்’ இருக்கிறது. நண்பர் வீட்டு ரெண்டு குழந்தைகள் வாசிப்பதற்காகவே அவர் எழுதியது.

முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு இது ஈடாகுமா? ஆகாது. வயலினின் இழுப்பும் டிரம்பெட்டின் வெடிப்பும் பியானோவில் வராது. ஆனால் ஒரு சிம்பொனியின் எலும்புக்கூடு எப்படி நிற்கிறது என்பதை விரலாலேயே தொட்டுப் பார்க்கலாம். அதற்கு லண்டன் டிக்கெட் வேண்டாம். பக்கத்தில் உட்கார ஓர் அக்காவோ தம்பியோ இருந்தால் போதும்.