எதிராளி இல்லாமல் எசப்பாட்டு ஏது?

பேட்டில் ராப்பை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு அடிதடி ஆரம்பிக்கப் போகிறது என்றுதான் தோன்றும். இரண்டு பேர் மூக்கு உரசும் தூரத்தில் நிற்பார்கள். சுற்றிலும் கூட்டம். தாளம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. ஒருவர் தன் ரவுண்டை முடிக்கும்வரை மற்றவர் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு அவர் முறை. பெரும்பாலும் ஆளுக்கு மூன்று ரவுண்டு. எதிராளியின் ஊர், உடுப்பு, பழைய தோல்வி, வீட்டுக் கதை எல்லாம் எதுகை மோனையில் கோக்கப்பட்டு வந்து விழும். தஞ்சாவூர்ப் பக்கம் மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று விடிய விடிய மோதும் லாவணியைக் கேட்டவர்களுக்கு இதன் ருசி சட்டென்று பிடிபடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். ராப் பாடகர் எமினெம் நடித்து 2002-ல் வந்த '8 மைல்' படத்தைப் பார்த்தவர்கள், இதெல்லாம் மேடையில் நின்றபடியே கட்டுவது என்று நினைப்பார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது யாருக்கு யார் எதிரி என்பது வாரக்கணக்கில் முன்பே அறிவிக்கப்படுகிறது. எதிராளியைப் பற்றித் துருவி எடுத்து, எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். இடையில் மறந்துபோனால் அந்த ரவுண்டே கதை முடிந்தது.

பணக் கணக்கு தொடங்குவதும் இந்த இடத்தில்தான். ஒரு பாடகர் தன் ஹிட் பாட்டை ஆயிரம் மேடையில் பாடலாம். பட்டிமன்றப் பேச்சாளர்கூட ஒரே நகைச்சுவையை நாலு ஊரில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். பேட்டில் ராப்பர் அப்படிச் செய்ய முடியாது. இன்ன ஆளுக்கென்று எழுதிய வரி அந்த ஆளோடு சரி. வீடியோ வெளியானபின் அதே வரியை வேறு மேடையில் சொன்னால் கூட்டம் ஊளையிடும். ஆக, வாரக்கணக்கான உழைப்பு ஒரே ஒரு இரவில் விற்றாக வேண்டிய சரக்கு. வீடியோவும் பெரும்பாலும் மோதலை நடத்தும் லீக்கின் கையில்தான். பத்து வருஷம் கழித்து அதை லட்சம் பேர் பார்த்தாலும், பேசியவருக்கு வந்தது அன்றைக்குப் பேசி வாங்கிய தொகை மட்டுமே.

அந்தத் தொகையை யார் நிர்ணயிக்கிறார்கள்? லீக். இந்த உலகில் லீக் என்றால் கிரிக்கெட் லீக் போல அணிகளின் கூட்டமைப்பு அல்ல. அரங்கம் பிடித்து, ஜோடி சேர்த்து, டிக்கெட் விற்று, படம் பிடித்து வெளியிடும் தனியார் கம்பெனி. நம் வழக்கில் சொன்னால் சபாவும் கேசட் கம்பெனியும் ஒரே முதலாளியிடம் இருப்பது போல.

2008, 2009 இந்தக் கலையின் இரண்டாம் பிறப்பு. ஃப்ளோரிடாவில் கிரைண்ட் டைம், டொரொண்டோவில் கிங் ஆஃப் தி டாட், இங்கிலாந்தில் டோன்ட் ஃபிளாப் மூன்றும் 2008-ல் தொடங்கின. தெருமுனை மோதல்களை டிவிடியில் போட்டு விற்றுப் பெயர் வாங்கியிருந்த நியூயார்க்கின் ஸ்மாக் வைட், 2009-ல் தன் கூட்டாளிகளோடு அல்டிமேட் ராப் லீக்கைத் தொடங்கினார். ரசிகர்கள் அதை யூ.ஆர்.எல். என்றுதான் சொல்வார்கள். அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸில் அனிக்மா என்பவர் ஃபிலிப்டாப்பைத் தொடங்கினார். அங்கே அது அடைந்த ஆதிக்கம் எப்படிப்பட்டது என்றால், மக்கள் பேச்சில் பேட்டில் ராப்புக்கே 'ஃபிலிப்டாப்' என்று பெயர் வந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

ஒரு லீக் எப்படிப் பெரிதாகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. நல்ல ராப்பர்கள் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் வரும். கூட்டம் இருக்கும் இடத்துக்கு மற்ற ராப்பர்கள் வருவார்கள். இந்தச் சக்கரம் சுற்றச் சுற்ற, அமெரிக்காவில் யூ.ஆர்.எல். மேடைதான் உச்ச மேடை என்றாயிற்று. வேறு எங்கே எத்தனை பேரை வீழ்த்தியிருந்தாலும், 'அங்கே ஏறினாயா?' என்ற கேள்வி வரும். புதியவர்களுக்கென்று அவர்களே ஒரு கீழ்ப்படியும் வைத்திருக்கிறார்கள். அதில் தேறியவர்களே மேலே போக முடியும்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. விற்பவர் ஒருவரே என்றால் ஏகபோகம் என்கிறோம். இங்கே நிலைமை தலைகீழ்: விற்பவர்கள் பலர், வாங்குபவர் ஒருவர். ஜோன் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1933-ல் எழுதிய நூலில் இதை மோனாப்சனி என்ற சொல்லால் விளக்கினார். வட்டாரத்துக்கு ஒரே ஆலைதான் என்றால் கரும்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், புத்தகமே வேண்டாம். ஆலை சொன்னதுதான் விலை.

இதன்மேல்தான் பிரத்தியேக ஒப்பந்தம் வந்து உட்காருகிறது. இத்தனை மாதத்துக்கு, அல்லது இத்தனை மோதலுக்கு, எங்கள் மேடையைத் தவிர வேறு மேடை ஏறக் கூடாது என்பதே அதன் சாரம். சற்று இளகிய வடிவமும் உண்டு: வெளியே வாய்ப்பு வந்தால் முதலில் எங்களிடம் சொல், நாங்கள் வேண்டாம் என்றால் போ. எதுவானாலும் அட்வான்ஸ் கையில் விழும், வருஷத்துக்கு இத்தனை மோதல் நிச்சயம் என்ற உறுதி கிடைக்கும். வாடகை கட்ட வேண்டியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் எழுதியவர்கள், எழுத்தை மட்டும் நம்பி வாழ அது வழி செய்கிறது. இதைச் சொல்லாமல் ஒப்பந்தத்தை மட்டும் திட்டுவது நியாயமாகாது.

ஆனால் பேட்டில் ராப்புக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு நாவலாசிரியரை ஒரு பதிப்பகம் கட்டிப்போட்டால் அடைபடுவது அவர் ஒருவர்தான். இங்கே சரக்கு தனி ஆள் அல்ல, ஜோடி. நூறு பேர் இருக்கிற களத்தில் பத்து முன்னணிக்காரர்களை ஒரு லீக் கட்டிப்போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தே போடாத மீதித் தொண்ணூறு பேரும் அந்தப் பத்துப் பேரோடு வெளியே எங்கும் மோத முடியாது. அவர்களுடைய பெரிய சம்பளம், பெரிய பெயர் எல்லாம் அந்தப் பத்துப் பேரை எதிர்ப்பதில்தான் இருந்தது. யாரோ போட்ட கையெழுத்து, யாரோ ஒருவரின் கதவைச் சாத்துகிறது. சிறிய லீக்குக்கும் இதே கதிதான்: ஜோடியில் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு டிக்கெட் விற்க முடியாது.

வெளிப்பணம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2014 ஒரு சாட்சி. ஹார்லத்தின் இரண்டு ஜாம்பவான்கள் மர்டா மூக்கும் லோடட் லக்ஸும். அவர்கள் மறுபடி மோத வேண்டும் என்று ரசிகர்கள் வருஷக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது நடந்தது வழக்கமான லீக் மேடையில் இல்லை. எமினெம் தரப்பு பின்னால் நின்ற 'டோட்டல் ஸ்லாட்டர்' நிகழ்ச்சியில், நியூயார்க்கின் ஹாமர்ஸ்டைன் அரங்கில். காசு கட்டிப் பார்க்கும் நேரலை. வாங்க இரண்டாவது ஆள் வந்தால்தான் சரக்குக்கு விலை ஏறும் என்பதைச் சந்தைக்குப் போகிற எவரும் அறிவார்கள்.

பெரிய லீக் செய்த நன்மையும் கண்கூடு. அதே லக்ஸ் 2012-ல் யூ.ஆர்.எல். மேடையில் டெட்ராய்ட்டின் கேலிகோவை எதிர்கொள்ள, சவ ஊர்வலம் போல ஜோடனையோடு வந்தார். பேட்டில் ராப் பார்க்கிற எவரைக் கேட்டாலும் முதல் சில பெயர்களில் அந்த மோதல் வந்துவிடும். அதற்கு அந்த அளவு அரங்கம் வேண்டும், அந்தக் கேமராக்கள் வேண்டும், அன்றைக்குக் காசு கொடுத்து வந்த கூட்டம் வேண்டும். தெருமுனையில் அது நடந்திருக்காது.

காசைவிட எனக்கு உறுத்துவது பாணி. யூ.ஆர்.எல். மோதல்களில் பொதுவாக நடுவர் கிடையாது; கூட்டம் எழுப்பும் சத்தம்தான் தீர்ப்பு. பெரிய அரங்கு, நின்றபடி பார்க்கும் கூட்டம். அங்கே எடுபடுவது ஓங்கி விழும் பஞ்ச், அதன்பின் ஒரு நீண்ட நிறுத்தம், மிரட்டும் தோரணை. கிங் ஆஃப் தி டாட் நடுவர் வைத்தது, பட்டத்துக்கு ஒரு சங்கிலி வைத்தது. டோன்ட் ஃபிளாப்பில் கிண்டலும் கேலியும் தனிச் சுவை. கிரைண்ட் டைமின் மேற்குக் கரை ஆட்கள் அடுக்கடுக்கான எதுகையில் கெட்டிக்காரர்கள். ஒரு மேடை மட்டுமே மேடை என்றாகும்போது, இளைஞர்கள் அந்த மேடைக்குத் தோதாக மட்டும் எழுதப் பழகுகிறார்கள். நகைச்சுவைக்காரர் குரலை உயர்த்துகிறார், சொல்விளையாட்டுக்காரர் துப்பாக்கி வரி எழுதுகிறார். இது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்காது.

பெரியவர்களும் நிரந்தரம் இல்லை. கிரைண்ட் டைம் அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பியது. சில ஆண்டுகளிலேயே கலகலத்துப் போனது. அதன் ஆட்கள் மற்ற லீக்குகளுக்குப் போனார்கள், கலை நிற்கவில்லை. 2020-ல் ராப் பாடகர் டிரேக் கைகோக்க, காஃபின் என்ற ஸ்ட்ரீமிங் தளம் யூ.ஆர்.எல். மோதல்களை இலவசமாக ஒளிபரப்ப முன்வந்தது. களத்தில் அதுவரை பார்க்காத பணம் புழங்கியது. 2024-ல் காஃபினே கடையை மூடிவிட்டது. வரத்து ஒரே குழாயில் என்றால், குழாய் அடைபட்டால் ஊருக்கே தண்ணீர் இல்லை.

ஆளைக் கட்டிப்போடும் இந்த ஒப்பந்த வியாதியை வேறு களங்களும் கண்டவைதான். குத்துச்சண்டையில் போட்டி ஏற்பாட்டாளர்கள் வீரர்களை நெடுங்காலம் கட்டிவைத்ததைக் கட்டுப்படுத்த, அமெரிக்கா 2000-ல் முகமது அலி பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது. சண்டைக்கு ஈடாகக் கறக்கப்படும் நிர்ப்பந்த ஒப்பந்தத்துக்கு அதிகபட்சம் 12 மாதம் என்று அது வரம்பு வைத்தது. போட்டியில் தனக்கு வரும் வருமானத்தை ஏற்பாட்டாளர் வீரரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சட்டம் எட்டாத கலப்புத் தற்காப்புச் சண்டையில், யூ.எஃப்.சி. நிறுவனம்மேல் வீரர்கள் போட்ட ஏகபோக எதிர்ப்பு வழக்கு பத்தாண்டு இழுத்து, 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2025-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. பேட்டில் ராப்பர்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை.

சிலர் தாங்களே லீக் தொடங்கிப் பார்த்திருக்கிறார்கள். நியூவார்க்கின் ஆர்சனல், அட்லாண்டாவில் ஜான் ஜான் டா டான் இருவருமே மேடையில் மோதியவர்கள், பிறகு மேடை போட்டவர்கள். எழுதுகிறவன் கஷ்டம் தெரிந்த முதலாளி என்பது ஒரு ஆறுதல். முதலாளி முதலாளிதான் என்பதும் உண்மை.

பிரத்தியேக ஒப்பந்தமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். காசு போட்டு ஒருவரை வளர்க்கிற லீக், அவர் மறுநாளே பக்கத்து மேடையில் நிற்பதை விரும்பாது. ஆனால் கட்டு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஆறு மாதம் லீக் மேடை தரவில்லையென்றால் ராப்பர் தானாகவே விடுபடுவார், வீடியோ வருமானத்தில் ஒரு பங்கு அவருக்குத் தொடர்ந்து வரும் என்ற இரண்டு வரி காகிதத்தில் இருக்கட்டும். அவை இல்லாத காகிதத்தை, எவ்வளவு பெரிய லீக் நீட்டினாலும், கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுப்பதே நல்லது.