அழகு ஒருவருக்கு, ஆபத்து மற்றவருக்கு

மோட்டார் சைக்கிளின் பின்புறம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, இண்டிகேட்டர் விளக்குகளைக் கழற்றிவிடும் வழக்கத்தை நம் சாலைகளில் காண்கிறோம். 'என் வண்டி, என் விருப்பம்' என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

அந்த நியாயம் இங்கே பொருந்தாது. தலைக்கவசம் அணிபவரைக் காக்கிறது. இண்டிகேட்டரோ பிறருக்குத் தகவல் சொல்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். முன்செல்பவர் திரும்பப்போவதை ஒரு நொடி தாமதமாக உணர்ந்தால், பிரேக் பிடிப்பதற்கான அந்தத் தொலைவு பறிபோய்விடும்.

கையால் சைகை காட்டினால் போதாதா? இருளில் அது தெரியாது. மேலும், வலப்புறம் திரும்பக் கை காட்டுபவர், ஆக்சிலேட்டரையும் முன்சக்கர பிரேக்கையும் இயக்கும் கையையே எடுத்தாக வேண்டும்.

ஒருவர் அடையும் பயனுக்கான விலையை, அதில் தொடர்பற்ற இன்னொருவர் செலுத்த நேர்வதைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. அத்தகைய இடத்தில் தனிமனித விருப்பத்துக்கு வரம்பு கட்டுவது அரசின் கடமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வகைசெய்கிறது.

தன் வண்டியின் அழகை ரசிக்க எவருக்கும் உரிமை உண்டு. பின்னால் வருபவருக்குச் சேர வேண்டிய எச்சரிக்கையை அதற்காகப் பறிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.