பனித்தரையில் ஒரு முரட்டு வீரன் தேவை!



தெரு கிரிக்கெட்டில் இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று, "எனக்கு அவன்... எனக்கு இவன்...' என்று மாறி மாறி ஆள் எடுப்பீர்கள் அல்லவா? வட அமெரிக்காவில், கோடி கோடியாய் பணம் வைத்திருக்கும் ஐஸ் ஹாக்கி அணிகளும் ஆண்டுக்கு ஒருமுறை இதையேதான் செய்கின்றன. அதற்கு, "டிராப்ட்' என்று பெயர்.

கனடா, அமெரிக்கா இரண்டுக்கும் பொதுவான என்.எச்.எல்., போட்டியில் 32 அணிகள் உள்ளன. 1963ல் இருந்து டிராப்ட் நடக்கிறது. இப்போது மொத்தம் ஏழு சுற்று. 200க்கும் மேற்பட்ட பையன்கள் தேர்வாவர். பெரும்பாலும் 18 வயதுக்காரர்கள்தான். ஏலம் எல்லாம் கிடையாது. முந்தைய சீசனில் கடைசியில் வந்த அணிகளுக்கு, குலுக்கல் போட்டு, முதலில் எடுக்கும் வாய்ப்பு தருவர். எந்த ஊர் அணி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறதோ, பையன் அங்கேதான் போக வேண்டும். ஏழு சுற்று முடிந்தும் கூப்பிடாவிட்டால்... அப்பா, அம்மாவோடு பேசாமல் வீடு திரும்ப வேண்டியதுதான்.

இந்த ஆட்டத்தில், "பவர் பார்வர்டு' என்று ஒரு ரகம் உண்டு. முன்கள வீரர்களில் பலர் நழுவி நழுவிப் போய் கோல் போடுவர். இவர் அப்படி அல்ல. இடித்துக் கொண்டு போய் போடுவார்! ஐஸ் ஹாக்கியில் எதிரியை உடம்பால் மோதுவதற்கு விதிப்படியே அனுமதி உண்டு. பந்துக்கு பதிலாக இருக்கும், "பக்' என்ற 170 கிராம் கெட்டி ரப்பர் வில்லையை, சுற்றுச்சுவர் ஓரத்தில் நாலு பேரோடு மல்லுக்கட்டிப் பிடுங்க வேண்டும். கோல் வலைக்கு முன் தூண் மாதிரி நிற்க வேண்டும். அடி விழும், நகரக் கூடாது. அதோடு, நல்ல கோல் அடிக்கும் கையும் வேண்டும். முரட்டுத்தனமும், நளினமும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். 1980களில் இருந்து 1990கள் வரை பாஸ்டன் அணிக்கு ஆடிய கேம் நீலி, இந்த ரகத்துக்கே உதாரணமாகச் சொல்லப்படுபவர். 1986ல் வேன்கூவர் அணி, அவரை பாஸ்டனுக்கு மாற்றிக் கொடுத்து விட்டது. அங்கே போய் மூன்று சீசன்களில், 50 கோல் அல்லது அதற்கு மேல் அடித்தார். வேன்கூவர் ரசிகர்களுக்கு எப்படி வயிறு எரிந்திருக்கும்!

இப்படிப்பட்டவரை, 17 வயதிலேயே அடையாளம் காண்பதுதான், "ஸ்கவுட்' என்பவரின் வேலை. (நம் பள்ளியில் கழுத்தில் துணி கட்டி, சல்யூட் அடிக்கும் ஸ்கவுட் வேறு!) குளிர்காலம் முழுக்க இவருக்கு கார்தான் வீடு. கனடாவில் மூஸ் ஜா, பிராண்டன், ஸ்விப்ட் கரன்ட் போன்ற சின்ன ஊர்களில் இளைஞர் அணிகள் ஆடும். பனி கொட்டும் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டிப் போய், கேலரியின் மேல் மூலையில் கோட்டை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்து, குறிப்பு எழுதுவார்.

கோலைத்தானே பார்ப்பார் என்று நினைக்கிறீர்களா? அதை ஸ்கோர் அட்டையே சொல்லிவிடுமே. பக் அவன் கையில் இல்லாதபோது என்ன செய்கிறான், கீழே விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் எழுந்து ஓடுகிறான், தன் தவறால் கோல் விழுந்தபின் பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கிறான்... இதெல்லாம்தான் அந்த நோட்டில் ஏறும். ஒரே பையனை பலமுறை வந்து பார்ப்பார். பயிற்சியாளரிடம் விசாரிப்பார். வெளியூர் அணிக்கு ஆடும் பையன்கள், அங்கே ஏதாவது ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் படிப்பர். அந்த வீட்டாரிடமும் கேட்பது உண்டு.

பவர் பார்வர்டு விஷயத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. உங்கள் வகுப்பிலும் ஒருவன் திடீரென்று வளர்ந்து, மீசையோடு நிற்பான் பாருங்கள்... அந்த மாதிரி பையன், இளைஞர் ஆட்டத்தில் எல்லாரையும் பொம்மை மாதிரி தள்ளிவிட்டு கோல் போடுவான். என்.எச்.எல்.,லில் எதிரே நிற்பவர்களும் ஆறடி ஆசாமிகள் ஆயிற்றே! அங்கே தள்ளினால் நகர மாட்டார்கள். ஆகவே, "இவன் திறமையால் ஜெயிக்கிறானா, சீக்கிரம் வளர்ந்துவிட்டதால் ஜெயிக்கிறானா?' என்று ஸ்கவுட் கண்டுபிடித்தாக வேண்டும். குறிப்பாக, பனிச்சறுக்கு வேகத்தைப் பார்ப்பார். நின்ற இடத்தில் இருந்து முதல் மூன்று அடி எப்படிப் பாய்கிறான் என்பது மிக முக்கியம்.

டிராப்டுக்கு முன், உடல் தகுதித் தேர்வும் நடக்கும். அசையாத சைக்கிளை உயிரைக் கொடுத்து மிதிக்கச் சொல்வர். இறங்கியதும் வாந்தி எடுக்கும் பையன்களும் உண்டு. 2014ல் இந்தத் தேர்வுக்கு சாம் பென்னெட் என்ற பையன் வந்தார். வட அமெரிக்க இளைஞர்களின் தரவரிசையில் அவருக்குத்தான் முதலிடம். கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்கும், "புல்-அப்ஸ்' எடுக்கச் சொன்னார்கள். ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. பூஜ்யம்! பத்திரிகைகள் எல்லாம் கிண்டலடித்தன. ஆனாலும், அவரது ஆட்டத்தை ஆண்டு முழுக்கப் பார்த்திருந்த கால்கரி அணி, நான்காவது ஆளாக அவரை எடுத்தது.

அங்கே பல ஆண்டுகள் சுமாராகத்தான் ஆடினார். 2021ல் புளோரிடா அணிக்கு மாறினார். 2025ல், அந்த அணி தொடர்ந்து இரண்டாவது முறையாக ஸ்டான்லி கோப்பை வென்றபோது, பிளே-ஆப் சுற்றுகளில் 15 கோல் அடித்து, சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். இதில் ஒரு வேடிக்கை... 2014 டிராப்டில் முதலாவது, இரண்டாவதாக தேர்வான எக்பிளாட், ரைன்ஹார்ட் இருவரும் அப்போது அவரோடு புளோரிடாவில் இருந்தனர். மூன்றாவதாக தேர்வான டிரைசைட்டில், இறுதிச்சுற்றில் எதிரணியான எட்மன்டனில் ஆடினார்!

ஸ்கவுட்கள் கோட்டை விட்ட கதையும் உண்டு. கனடாவின் விக்டோரியா நகரைச் சேர்ந்த ஜேமி பென், பெரிய இளைஞர் லீக்கில் ஆடாமல், தன் ஊர் அணிக்கு ஆடிக் கொண்டிருந்தார். 2007 டிராப்டில் 128 பேர் தேர்வான பிறகு, ஐந்தாவது சுற்றில்தான் டல்லாஸ் அணி அவர் பெயரைச் சொன்னது. பின்னாளில் அதே அணிக்கு கேப்டன் ஆனார். 2014ல் கனடாவோடு ஒலிம்பிக் தங்கமும் வென்றார்.

2015 ஏப்ரலில், லீக் சுற்றின் கடைசி நாள். அதிக புள்ளி எடுக்கும் வீரருக்கான, "ஆர்ட் ராஸ்' கோப்பைக்கு கடும் போட்டி. அன்று மூன்று கோல் அடித்தார் பென். அப்போதும் ஜான் டவாரெஸ் என்ற வீரரோடு, 86 புள்ளியில் சமமாகவே இருந்தார். ஆட்டம் முடிய 10 விநாடிகூட இல்லை. அப்போது சக வீரர் கோல் அடிக்க உதவி, 87வது புள்ளியை எடுத்துவிட்டார். கோப்பை அவருக்கே!

டல்லாஸ்காரர்கள் மட்டும் ரொம்ப கெட்டிக்காரர்கள் என்று நினைத்து விடாதீர்கள் குட்டீஸ்... அந்த டிராப்டில் அவர்களும் வேறு சில பையன்களை எடுத்து முடித்துவிட்டுத்தான், ஜேமி பென் பெயருக்கே வந்தார்கள்!