பருவந்தோறும் பொருள் விரியும் பாடல்கள்

ஒரே பாடல் எல்லா வயதினர்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. இளமையில் செவி ஓசையை நாடுகிறது. நடுவயதில் உள்ளம் பொருளைத் தேடுகிறது. முதுமையை நெருங்குகையில் பாடியவரின் நிலையே நமக்கு விளங்கத் தொடங்குகிறது. தமிழ் இசைப்பாவலர் சிலரை இம்முறையில் நோக்குவோம்.

இளைஞரை முதலில் ஈர்ப்பவர் 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர். அவர்தம் திருப்புகழின் பொருள் விளங்குமுன்னரே விரல்கள் தாளமிடத் தொடங்கிவிடும். காயல்பட்டினம் காசிம் புலவரையும் அச்சந்தமே ஆட்கொண்டது. அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போற்றித் தாமும் ஒரு திருப்புகழ் பாடினார்.

அடுத்த பருவத்திற்குரியவை கண்ணிகள். தாயுமானவர் 389 பராபரக்கண்ணிகளைப் பாடினார். பின்வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அதே பெயரில் 100 கண்ணிகளைப் பாடினார். ஒவ்வொன்றும் இரண்டே அடி. முடிவில் ஒரே விளி. மாணவர்க்கு இது கூறியது கூறலாகத் தோன்றலாம். குடும்பச் சுமை தோளேறிய பின்னரோ, ஒவ்வொரு கண்ணியும் ஒரு நாளின் முறையீடாகக் கேட்கும். சைவப் புலவரான சரவணப்பெருமாளையர் மஸ்தான்மீது நான்மணிமாலை பாடியதன் காரணமும் அப்போது புலனாகும்.

இனித் திருநாவுக்கரசர். நெய்வேலிக்கு அண்மையில், பண்ருட்டியை அடுத்துக் கெடிலக்கரையில் உள்ளது திருவதிகை. சமண சமயத்தில் வாழ்ந்த அவர், சூலைநோய் தாளாது தமக்கையார் திலகவதியாரை நாடி வந்து, இங்கேதான் தம் முதற்பதிகத்தைப் பாடினார் என்பது சேக்கிழார் தரும் வரலாறு. அதன் பண் கொல்லி. இருபது வயதில் இஃது ஒரு தேர்வு வினா. நோயுற்ற தாயின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்தவர்க்கோ, அப்பதிகம் தம் வீட்டின் குரலாகும். அவர்தம் தாண்டகங்களின் நெடிய, நிதானமான அடிகளைச் சுவைக்க இன்னும் முதிர்ச்சி வேண்டும்.

ஆயினும் முதிர்ச்சி மட்டும் போதாது. இளமையில் நெஞ்சில் பதியாத பாடல் முதுமையில் எங்ஙனம் பொருள் தரும்? இன்று மனப்பாடம் குறைந்து வருகிறது. முனாஜாத்துப் பாடல்களின் மெட்டுகள் பல முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஆகவே மாணவர்கள், விளங்காத பாடலையும் வெறுக்காது மனத்தில் இருத்துக. ஆசிரியர்கள் உரை கூறுவதோடு அமையாது, பண்ணோடு பாடிக் காட்டுக. சமுதாயப் பெரியோர் தாம் அறிந்த மெட்டுகளைப் பேரப்பிள்ளைகளுக்கு இன்றே கற்பிக்க. அவர்கள் அவற்றின் பொருளைத் தத்தம் காலத்தில் கண்டுகொள்வர்.